நிவாரணப் பணத்துக்கு இப்போது கணக்குக் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: ஃபுளோரிடாவில் ஹோம்ஸ்டெட் பக்கம் நானும் மனைவியும் ஒரு சிறிய நர்சரி நடத்துகிறோம். கறிவேப்பிலை, மல்லிகை, செம்பருத்தி, முருங்கை, கொஞ்சம் மாங்கன்று. கொரோனா நிவாரணமாக அமெரிக்க வேளாண்மைத் துறை கொடுத்த ‘சிஃபாப் 2’ திட்டத்துக்கு 2021 செப்டம்பரில் விண்ணப்பித்தோம். 2019இல் மொத்த விற்பனை 2,40,000 டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏறக்குறைய 23,800 டாலர் வந்தது. இரண்டு வருடம் கழித்து இப்போது அந்தத் துறையின் கவுண்டி (மாவட்ட) ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த விற்பனைக்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். நான் எழுதிய தொகையில் வெளியே வாங்கி விற்ற செடி, தொட்டி, மண் மூட்டை 58,000 டாலர் இருக்கும். தோட்டம் போட்டுக் கொடுத்த கூலி 16,000. கறிவேப்பிலைப் பொடி விற்றது 6,000. மல்லிகையில் பெரும்பகுதி நாற்றாக வாங்கி நாங்கள் வளர்த்தது. எல்லாமே எங்கள் செடி என்று பில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். அதுவும் போக, 2020இல் எங்களுக்கு வியாபாரம் கூடத்தான் செய்தது. பணம் வாங்கியதே தப்பா? ராத்திரி தூக்கம் இல்லை. பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதை இன்றோடு மறந்துவிடுங்கள். இப்போது உங்கள் பக்கம் இருப்பது ஒரு விண்ணப்பப் பிழை. அதிகமாக வந்ததைத் திருப்பிக் கட்டினால் அது முடிந்துபோகும். பழைய தேதியில் புதிதாக ஒரு பில் போட்டுக் கொடுத்தீர்களானால், அந்த நிமிடமே அது மத்திய அரசுக்குப் பொய் ஆவணம் கொடுத்த குற்றமாகிவிடும். முதலாவதற்குக் காசோலை போதும். இரண்டாவதற்கு வக்கீல் வேண்டும். பதினைந்து வருடமாகப் பண்ணைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதுகிறேன். ஏழெட்டாயிரம் டாலருக்குப் பயந்து அந்தப் பக்கம் போன ஒருவரும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, உங்களை உறுத்துகிற கேள்வி. 2020இல் வியாபாரம் கூடியும் பணம் வாங்கியது தப்பா? தப்பில்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது புரியும்.

2020 மே மாதக் கடைசியில் சிஃபாப் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது பட்டியலில் நர்சரிச் செடியே கிடையாது. மாடு, பால், சோளம், காய்கறி எல்லாம் இருந்தன. ஆனால் அந்த வசந்த காலத்தில் ஈஸ்டரையும் அன்னையர் தினத்தையும் நம்பிப் பூச்செடி வளர்த்தவர்கள், வாங்க ஆளில்லாமல் பசுங்குடில் பசுங்குடிலாகக் குப்பையில் கொட்டினார்கள். பூச்செடிக்குத் தேதி தவறினால் மதிப்பில்லை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளர்ப்பவர்கள் கணக்கோடு முறையிட்ட பிறகு, ஆகஸ்டில்தான் நர்சரிச் செடிகளையும் கொய்மலர்களையும் சேர்த்தார்கள். அந்தச் சுற்றில் விற்காமல் போன சரக்கைக் காட்ட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 18ஆம் தேதி இரண்டாம் சுற்றை அறிவித்தபோது முறையையே மாற்றிவிட்டார்கள். நர்சரி போன்ற தொழில்களுக்கு ‘2019இல் எவ்வளவு விற்றீர்கள்’ என்பது ஒன்றே அடிப்படை. அதில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைக் கொடுப்பார்கள். 2020இல் ஆளாளுக்கு எவ்வளவு நட்டம் என்று விண்ணப்பத்தில் கேட்கவே இல்லை. அடைபட்ட சந்தையால் தொழில் முழுவதும் அடிபட்டிருக்கிறது, தனித்தனியாக நட்டத்தை அளக்க நேரமில்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் கணக்கு. கோடையில் ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து செடி வாங்கத் தொடங்கினார்கள், உங்களுக்கு விற்பனை ஏறியது. அது உங்கள் நல்ல காலம். அதற்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடிதமும் அதைக் கேட்கவில்லை. உங்கள் வியாபாரம் 2020இல் எப்படிப் போனது என்று நீங்களாகப் போய் விளக்கிக் கொண்டிருக்க வேண்டாம்.

கடிதம் கேட்பது ஒன்றே ஒன்று: 2019இல் விற்றதில் நீங்களே வளர்த்தது எவ்வளவு? திட்டத்தின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. உற்பத்தி செய்தவர், தான் வளர்த்த பொருளைப் பச்சையாக விற்ற தொகைதான் கணக்கில் சேரும். வாங்கி விற்றது சேராது. பதப்படுத்தியும் பொட்டலம் கட்டியும் கூட்டிய மதிப்பு சேராது. விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பலர் உங்களைப் போலவே வருட மொத்தத்தை எழுதிவிட்டார்கள். ஆதாரம் எதுவும் இணைக்கச் சொல்லவில்லை, கையெழுத்து மட்டும்தான். இப்படிச் சொன்னதை நம்பிக் கொடுத்த பணம், இரண்டு சுற்றும் சேர்த்து ஏறக்குறைய 3,100 கோடி டாலர். அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022 செப்டம்பரில் இதை ஆராய்ந்து, கொடுத்த பணத்தை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்று வேளாண்மைத் துறைக்குச் சொன்னது. ஆகவே இப்படி ஒரு கடிதம் வந்தாலே உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள் என்று பொருளில்லை. அங்கங்கே எடுத்துச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம் ஆதாரங்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

சரி, கணக்கைப் போடுவோம். திட்டத்தின் விகிதம் படிப்படியாக இறங்கும். முதல் 49,999 டாலர் வரைக்கும் 10.6 சதவீதம். 50,000 முதல் 99,999 வரையுள்ள பகுதிக்கு 9.9. ஒரு லட்சத்திலிருந்து 4,99,999 வரையுள்ள பகுதிக்கு 9.7. அதற்கு மேலுள்ள படிகள் உங்களுக்குத் தேவையில்லை.

2,40,000 என்று எழுதியதால் உங்களுக்கு வந்தது: 5,300, அதோடு 4,950, அதோடு 1,40,000க்கு 13,580. ஆக 23,830. நீங்கள் சொன்ன தொகை சரியாகப் பொருந்துகிறது.

இப்போது வாங்கி விற்ற 58,000, கூலி 16,000, பொடி 6,000, மூன்றையும் கழியுங்கள். மிச்சம் 1,60,000. அதற்கு 5,300, 4,950, அப்புறம் 60,000க்கு 5,820. ஆக 16,070. வித்தியாசம் 7,760 டாலர். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த தொகை இவ்வளவுதான். முழுப் பணமும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களானால், மூன்றில் இரண்டு பங்கு நியாயமாகவே உங்களுடையது.

பொடியில் அரைப்பதற்கு முன்பிருந்த பச்சை இலையின் மதிப்பு நீங்கள் வளர்த்ததுதானே என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் 600 டாலர் இலைக்கு 58 டாலர்தான் கிடைக்கும். அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் மல்லிகை.

72 குழித் தட்டில் விரல் நீள நாற்றாக வாங்கி, ஒரு கேலன் தொட்டிக்கு மாற்றி, அப்புறம் மூன்று கேலன் தொட்டிக்கு மாற்றி, தண்ணீர், உரம், கவாத்து, பூச்சிக்கு மருந்து என்று மாதக்கணக்கில் பார்த்து விற்ற செடி அது. அதை வாங்கி விற்ற பொருள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொட்டியிலோ கட்டுப்படுத்திய சூழலிலோ விற்பனைக்காக வளர்க்கும் செடியைத்தான் இந்தத் திட்டம் நர்சரிப் பயிர் என்கிறது. விதையிலிருந்து வளர்த்தால்தான் பயிர் என்றால் இந்த நாட்டில் நர்சரி என்று பாதி தேறாது. மாறாக, லாரியில் வந்த மூன்று கேலன் செடியை இறக்கி, இரண்டு வாரம் நிழல்வலைக்குக் கீழே வைத்து, விலை அட்டை மாட்டி விற்றிருந்தால் அது வாங்கி விற்றதுதான். அதில் வாதாட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ளவற்றில், செடி உங்கள் கையில் எத்தனை மாதம் இருந்தது, எந்தத் தொட்டியில் வந்து எந்தத் தொட்டியில் போனது என்பதைக் காட்ட முடிந்ததை மட்டும் உங்கள் பக்கம் வையுங்கள்.

இது எவ்வளவு பெறும் என்றும் பார்த்துவிடுவோம். உங்கள் நாற்று மல்லிகை விற்பனை 45,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதைத் தள்ளினால் இன்னும் 4,365 டாலர் கையை விட்டுப் போகும். ஆகவே உட்கார்ந்து ஆதாரம் திரட்ட வேண்டிய இடம் இது.

அந்த ஆதாரத்தில் முதன்மையானது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2019க்கான வரிக் கணக்கில் பண்ணை வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப் என்ற பக்கத்தை எடுங்கள். மேலே 1ஏ வரிசை: மறுவிற்பனைக்கு வாங்கியதை விற்ற தொகை. 1பி: அதை வாங்கிய விலை. 2ஆம் வரிசை: நீங்களே வளர்த்ததை விற்ற தொகை. தோட்டக் கூலியை எங்கே காட்டினீர்கள் என்று தேடுங்கள். 8ஆம் வரிசையில் மற்ற வருமானமாகவோ, மற்றத் தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி பக்கத்தில் தனியாகவோ இருக்கும். பிறகு கீழே செலவுப் பகுதியில் 26ஆம் வரிசை, ‘விதையும் செடியும்’. மல்லிகை நாற்று வாங்கிய செலவை உங்கள் கணக்கர் அங்கே காட்டியிருந்தால், அதை வளர்ப்புச் செலவாகத்தான் நீங்கள் அன்றைக்கே கருதியிருக்கிறீர்கள். 1பியில் காட்டியிருந்தால் வாதம் கொஞ்சம் தளரும்.

தேதியையும் கவனியுங்கள். கொரோனாவால் 2019க்கான வரிக் கணக்குக்குக் கடைசி நாளை 2020 ஜூலை 15 என்று தள்ளிவைத்தார்கள். சிஃபாப் 2 அறிவிப்பு வந்தது செப்டம்பரில். ஜூலைக்குள் நீங்கள் கணக்கைக் கொடுத்திருந்தால், இப்படி ஒரு பணம் வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பிரித்து எழுதிய கணக்கு அது. இதைவிட நம்பகமான சாட்சி வேறு கிடைக்காது. கடிதத்துக்கு நீங்கள் எழுதும் பதிலில் இந்தத் தேதியை ஒரு வரியாகச் சேருங்கள்.

அதோடு நாற்று சப்ளை செய்தவரின் பில், மாதாமாதம் மாநிலத்துக்குக் கட்டிய விற்பனை வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட். ஃபுளோரிடாவில் நர்சரி நடத்த மாநில வேளாண்மைத் துறையின் செடி ஆய்வுப் பிரிவில் பதிவு செய்து வருடா வருடம் புதுப்பிக்கிறீர்கள் அல்லவா? அவர்களுடைய ஆய்வாளர் வந்து பார்த்து எழுதிய அறிக்கைகளையும் எடுத்து வையுங்கள். எந்தச் செடி உங்கள் நிலத்தில் எப்போது நின்றது என்பதற்கு மூன்றாமவர் எழுதிய சாட்சி அது. உங்கள் மனைவி நோட்டில் எழுதி வைத்த சனிக்கிழமைச் சந்தைக் கணக்கு இருந்தால் அதுவும் செல்லும். அழுக்கேறிய நோட்டாக இருந்தாலும் அப்படியே கொண்டு போங்கள், அழகாகத் திரும்ப எழுத வேண்டாம். ரொக்கமாக விற்று வரிக் கணக்கில் காட்டாத தொகையை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். இந்த ஆபீசில் ஒரு விற்பனை, வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் வேறொரு விற்பனை என்று காட்டுவது தலைவலியை இரண்டாக்கும். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் வரிக் கணக்கைத் திருத்துங்கள்.

இடையில் ஒன்று, கறிவேப்பிலை. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால், ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருக்கும் பச்சைநோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும். 2005இல் அந்த நோயை ஃபுளோரிடாவில் கண்டுபிடித்த பிறகு மாநிலம் முழுவதும் தடைக்காப்பில் இருக்கிறது. தகுந்த அனுமதி இல்லாமல் கறிவேப்பிலைச் செடியை வெளி மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. நீங்கள் கொடுக்கப் போகும் பில் கட்டில் ஜார்ஜியாவுக்கோ டெக்சாசுக்கோ தபாலில் போன கறிவேப்பிலைக் கன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். அந்த பில்லைக் கிழிக்காதீர்கள்.

உங்கள் பக்கம் சேர வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2019க்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடோ, காப்பீடு இல்லாத பயிர்களுக்கான ‘நாப்’ திட்டப் பணமோ, புயல் நிவாரணமான ‘விப் பிளஸ்’ பணமோ வந்திருந்தால், 2021இல் செய்த மாற்றத்தின்படி அதுவும் கணக்கில் சேரும். விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தால் இப்போது சொல்லுங்கள், 7,760 கொஞ்சம் குறையலாம். 2019க்குப் பதில் 2018 விற்பனையை எடுத்துக்கொள்ளவும் 2021 ஆகஸ்டில் அனுமதித்தார்கள். ஆனால் விண்ணப்பக் கதவு 2021 அக்டோபர் 12ஆம் தேதி மூடிவிட்டது. உங்கள் 2018 கணக்கு மேலாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம்.

இனி ஆபீசுக்குப் போகிற வேலை. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியிடம் நேரம் வாங்கிக்கொண்டு, கணவன் மனைவி இருவரும் போங்கள். ஒரே ஒரு தாளில் நான் மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு எழுதிக் கொடுங்கள்: எழுதியது இவ்வளவு, அதில் வாங்கி விற்றது, கூலி, பொடி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, நான் அதிகம் பெற்றது இவ்வளவு. அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் இதை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிழை எங்கே நடந்தது என்று விளக்கத் தெரிந்தவர் சொல்லும் மற்ற எண்களை நம்புவார்கள், மல்லிகைக் கணக்கையும் சேர்த்து. ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

திருப்பிக் கட்டும் தொகையோடு வட்டியும் சேரும். எந்தத் தேதியிலிருந்து, எந்த விகிதத்தில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேட்கலாம், ஒப்பந்தம் போட்டுக் கொடுப்பார்கள். கட்டாமல் இழுத்தடித்தால் பின்னால் உங்களுக்கு வரவேண்டிய வேறு அரசுப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள், பண்ணைக் கடன் கேட்டாலும் கதவு அடைபடும்.

ஆபீஸ் உங்கள் மல்லிகையை ஏற்க மறுத்து எழுத்தில் முடிவு சொன்னால், அந்தக் கடிதம் வந்ததிலிருந்து 30 நாள் உங்களுக்கு உண்டு. மறுபரிசீலனை கேட்கலாம், கவுண்டி கமிட்டிக்குப் போகலாம், மாநில வேளாண் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசலாம், வேளாண்மைத் துறைக்குள்ளேயே தனித்து இயங்கும் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்கும் போகலாம். ‘வாங்கி விற்றதைச் சேர்க்காதது அநியாயம்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. எல்லோருக்கும் பொதுவான விதியை மாற்ற அவர்களுக்கு அதிகாரமில்லை. ‘இந்தச் செடியை நாங்கள் வளர்த்தோம், விதியைத் தவறாகப் பொருத்தியிருக்கிறீர்கள்’ என்ற வாதம் எடுபடும். 30 நாள் தாண்டினால் எந்த வாதமும் எடுபடாது.

வரி விஷயத்தில் ஒரு ஆறுதல் உண்டு. 23,830 டாலரும் அன்றைக்கே உங்கள் வருமானத்தில் சேர்ந்து அதற்கு வரி கட்டியிருப்பீர்கள். திருப்பிக் கட்டும் தொகையைக் கட்டுகிற வருடத்தில் ஷெட்யூல் எஃப் பக்கத்திலேயே கழித்துக்கொள்ளலாம். தொகை 3,000 டாலருக்கு மேல் என்பதால், அன்று அதிகமாகக் கட்டிய வரியை இன்றைய வரியில் கழித்துக்கொள்ளும் இன்னொரு வழியும் உண்டு. எது இலாபம் என்று உங்கள் கணக்கரை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வருடத்துக் கணக்கைத் திருத்த வேண்டாம்.

ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க, கொரோனாக் கால அரசுத் திட்டமான பி.பி.பி. கடன் வாங்கியிருந்தால் அதற்கும் இதற்கும் சிக்கல் இல்லை, இரண்டையும் வாங்கலாம் என்றுதான் இருந்தது. 2023இல் வந்த ‘பார்ப்’ என்ற இன்னொரு கொரோனா நிவாரணத்தைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதற்கு 2020 வருமானம் 2018 அல்லது 2019ஐவிட 15 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும் என்று இருந்தது. உங்களுக்குக் கூடியிருக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கடிதத்தில் கொடுத்த தேதிக்குள் பில் எல்லாம் சேராது என்று தெரிந்தால், தேதி முடிவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்யூல் எஃப் பக்கத்தையும் நான் சொன்ன ஒரு தாள் கணக்கையும் மட்டும் அந்த அவகாசக் கடிதத்தோடு இப்போதே கொடுத்துவிடலாம். நாற்று பில்கள் பின்னால் வரட்டும்.